எதுக்கும் ஒரு தரம்

கூட்டம் எப்போது முடியும் என்ற கவலையை முகத்தில் காட்டாமல் கம்பீரமாக வீற்றிருக்கும் சங்கத் தலைவர் அவர்களே! ஒரு கண்ணால் கடிகாரத்தையும் மறு கண்ணால் என்னையும் பார்த்துக்கொண்டிருக்கும் எங்கள் மேலாளர் அவர்களே! ஓய்வு பெற்று ஆண்டுகள் ஆன பின்னும், ஆலைச் சங்கு ஊதினால் சாப்பாட்டுத் தட்டோடு எழுந்து நிற்கும் பெரியோர்களே! பிள்ளைகளைப் பிடித்து உட்கார வைப்பதிலேயே என் பேச்சில் பாதியைத் தவறவிடப்போகும் தாய்மார்களே! அந்தப் பாதியை வீட்டுக்குப் போய்த் தப்பும் தவறுமாக அவர்களுக்கு விளக்கப்போகும் தந்தைமார்களே! கொதிகலனோடு கொஞ்சும் தோழர்களே, வடிகட்டியோடு வாழும் வீரர்களே, ஆய்வுக்கூடத்தில் என் அதட்டலை அன்றாடம் தாங்கும் தங்கைகளே! இத்தனை பேருக்கும் சேர்த்து இந்த மண்டபத்தின் பின்கட்டில் பெரிய பாத்திரத்தில் பால் காய்ச்சிக்கொண்டிருக்கும் தேநீர்க்கார அண்ணனே! உங்கள் அனைவருக்கும், அடுப்பின் சூடு ஆறாத அன்போடு என் வணக்கம்.

எனக்குத் தந்திருக்கும் தலைப்பு, மருந்து உற்பத்தியில் கரைப்பான்களைக் குறைப்பது. முதல் வரிசையில் இப்போதே ஒரு கொட்டாவி கேட்கிறது. விடுங்கள் விடுங்கள், வாயை மூட வேண்டாம். இந்தத் தலைப்பைக் கேட்டு நானே நேற்று விட்டேன்.

ஆனால் நான் இன்று வேதியியல் பேச வரவில்லை. ஒரு மூக்கின் கதையைச் சொல்ல வந்திருக்கிறேன். ஒரு மூக்கின் கதை, ஒரு சொல்லின் கதை, ஒரு மஞ்சள் நிறத்தின் கதை. கடைசியில் ஒரு குற்றத்தையும் ஒப்புக்கொள்ளப்போகிறேன். இப்போது கொட்டாவி நின்றுவிட்டது பாருங்கள்!

முதலில் கரைப்பான் என்றால் என்ன என்று, இங்கே முதல்முறையாக வந்திருப்பவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். நம் ஆலையில் செய்வது வலிப்பு நோய்க்கான மருந்து. எங்கோ ஒரு வகுப்பறையில், எங்கோ ஒரு பேருந்தில், கை கால் வெட்டி இழுத்து விழாமல் ஒரு பிள்ளை நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறது என்றால் அதில் நம் வியர்வையும் இருக்கிறது. கை தட்டலாம், தகும். அந்த மருந்தைக் கரைக்க வேண்டும், படிகமாக்க வேண்டும், வடிகட்ட வேண்டும், கழுவ வேண்டும். இவ்வளவுக்கும் ஒரு நீர்மம் வேண்டும். அதுதான் கரைப்பான். நம்முடையதன் பெயர் டொலுயீன். பெயிண்ட் கடைக்குள் நுழைந்ததும் நேராக நெற்றிக்குள் ஏறுமே ஒரு வாடை, அந்தக் குடும்பத்துப் பிள்ளை.

ஒரு கிலோ மருந்துக்கு எத்தனை லிட்டர் செலவழித்தோம் தெரியுமா? ஐந்தா? இல்லை. பத்தா? இல்லை. நாற்பத்தாறு லிட்டர்! இதில் ஒரு சொட்டாவது மாத்திரைக்குள் போகலாமா? போகவே கூடாது! வந்த வேலை முடிந்ததும் முழுக்க வெளியேறிவிட வேண்டும். காய்ச்சி வடித்து மீண்டும் பிடிக்கிறோம், உண்மைதான். ஆனால் பிடித்தது போக மீதி எங்கே போகும்? காற்றுக்குப் போகும், கழிவுக்குப் போகும், பக்கத்தில் நிற்பவனின் மூச்சுக்குப் போகும்.

அந்தப் பக்கத்தில் நின்றவர்தான் என் கதாநாயகர். மூன்றாம் வரிசை ஓரத்தில், யாரைச் சொல்கிறேன் என்றே தெரியாததுபோல் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருக்கிறாரே, அவர்தான். உங்களுக்கெல்லாம் மூக்கண்ணன். எனக்கு என் அக்காவின் கணவர், என் மாமா. பக்கத்தில் கைகட்டி உட்கார்ந்திருப்பது என் அக்கா. அவள் கைகட்டினால் சின்ன வயதிலிருந்தே நான் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வேன்.

மூக்கண்ணன் என்ற பெயர் சும்மா வந்ததா? வடிகட்டிக் கூடத்துக்குள் நுழைந்தால், மூடியிருக்கும் சாப்பாட்டுப் பெட்டிகளைப் பார்த்தே, இல்லை இல்லை, மோந்தே, "உனக்கு முட்டை, அவனுக்கு உருளைக்கிழங்கு, இவன் வீட்டுல இன்னைக்குச் சண்டை, வெறும் ரொட்டி" என்று சொல்வார். ஒருமுறை லாரியில் வந்திறங்கிய பீப்பாய் ஒன்றைத் திறந்ததும், "இது நம்ம சரக்கு இல்ல, மூடு" என்றார். சீட்டில் டொலுயீன் என்றுதான் எழுதியிருந்தது. ஆய்வுக்கூடத்துக்கு எடுத்து வந்து சோதித்தேன். சரக்கு வேறு! என் இயந்திரம் நாற்பது நிமிடத்தில் சொன்னதை அவர் மூக்கு நாலே நொடியில் சொல்லிவிட்டது. அன்று நாங்கள் எல்லோரும் கைதட்டினோம். தட்டியிருக்கக் கூடாது. அந்த மூக்கைப் பத்திரமாகப் பூட்டி வைத்திருக்க வேண்டும்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு காலை. அக்கா அடுப்பில் பாலை வைத்துவிட்டுத் துணி உலர்த்த மாடிக்குப் போயிருக்கிறாள். மாமா அடுப்புக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டுச் செய்தித்தாள் படிக்கிறார். பால் பொங்கி, வற்றி, அடிப்பிடித்து, கருகி, மாடி வரை வாடை போய், அக்கா ஓடிவருகிறாள்.

"ஏங்க, பக்கத்துலயே உக்காந்திருக்கீங்க, வாடை வரலையா?"

"என்ன வாடை?"

அக்கா முதலில் திட்டினாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு காப்பிப்பொடி டப்பாவைத் திறந்து அவர் மூக்கருகே நீட்டினாள். அவர் மூச்சை இழுத்துப் பார்த்தார். மறுபடி இழுத்தார். "காலி டப்பாவா?" என்று கேட்டார். டப்பா நிறைய பொடி இருந்தது, தோழர்களே.

மருத்துவர் என்ன சொன்னார்? "இத்தனை வருஷம் அந்த ஆவியிலேயே நின்னிருக்கீங்க. அதைக் குறைச்சா திரும்பி வரலாம். வராமலும் போகலாம்." அவ்வளவுதான். முகமூடி போடவில்லையா என்று கேட்பீர்கள். போட்டார். வேர்வை வழிந்ததும் கழற்றினார், மறுபடி போட்டார். ஒரு நாளைக்கு ஐந்து தரம் டொலுயீனை ஊற்றிக் கழுவும் கூடத்தில் ஒரு மனிதர் எத்தனை நேரம் முகத்தை மூடிக்கொண்டு நிற்பார்? வேறு பிரிவுக்கு மாறச் சொன்னோம். "என் கூடத்தை விட்டுப் போக மாட்டேன்" என்றார். பிடிவாதத்துக்கு மட்டும் எந்தக் குறைவும் வரவில்லை!

அன்றிலிருந்து என் அக்கா வீட்டில் தினமும் காலையில் ஒரு சோதனை. டப்பாவைத் திறப்பாள். "இன்னைக்கு?" என்பாள். அவர் மோந்து பார்த்து "இல்ல" என்பார். மூடிவிடுவாள். இரண்டு ஆண்டு, ஒரு நாள் தவறியதில்லை. எங்கள் ஆய்வுக்கூடத்தில்கூட இவ்வளவு ஒழுங்காகச் சோதனை நடந்ததில்லை.

இப்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை வருகிறது. வழக்கமாக நாம் சூடான கரைசலைக் குளிர்நீர் சுற்றவிட்டு இரண்டே மணி நேரத்தில் ஆறவைப்போம். ஏன் இரண்டு மணி நேரம்? நம் மேலாளர் அவர்களுக்கு நீங்கள் வைத்திருக்கும் பெயரை இங்கே சொல்லலாமா? சொல்லலாம் என்று தலையாட்டுகிறார், பெரிய மனது. சீக்கிரம் சார்! அவர் நடையும் சீக்கிரம், நகைப்பும் சீக்கிரம், நம் கரைசலும் சீக்கிரம். அந்த ஞாயிறு, குளிர்நீர் பம்ப் படுத்துவிட்டது. விடுமுறை, பழுது பார்க்க ஆளில்லை. கரைசல் தன்பாட்டுக்குத் தானே ஆறியது. திங்கள் காலை எல்லோரும் தலையில் கை வைத்தார்கள். ஒரு பேட்ச், ஒரு தடவை செய்த மருந்து மொத்தமும், போச்சு!

மாமா மட்டும் மூடியைத் திறந்து பார்த்தார். உள்ளே வழக்கமான மாவு இல்லை, கற்கண்டு! பளபளவென்று, பட்டை தீட்டினாற்போல் பெரிய பெரிய படிகம். அதை வடிகட்டியில் இறக்கி முதல் கழுவலை முடித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, எதுக்கும் ஒரு தரம் இதைச் சோதிச்சுப் பாரேன்."

"இன்னும் நாலு கழுவல் இருக்கே மாமா."

"இருக்கட்டும். எதுக்கும் பாரு. மூக்குதான் போச்சு, கண்ணு இருக்குல்ல."

சோதித்தேன். ஐந்து கழுவலுக்குப் பிறகு என்ன தூய்மை வருமோ, அது ஒரே கழுவலில் வந்திருந்தது! ஏன்? அவசரமாக ஆறிய படிகம், அள்ளி முடிந்த மூட்டைபோல, அழுக்கையும் சேர்த்து உள்ளே கட்டிக்கொள்கிறது. நிதானமாக ஆறிய படிகம் அழுக்கை வெளியிலேயே நிறுத்திவிடுகிறது. தமிழில் நமக்கு ஒரு அழகான சொல் இருக்கிறதே, ஆற அமர! எதையும் ஆற அமரச் செய் என்கிறோமே! ஆறவும் வேண்டும், அமரவும் வேண்டும். படிகத்தின் பாடம் முழுவதும் அந்த இரண்டு சொல்லில் இருக்கிறது. அதைப் படிக்க எனக்கு ஒரு பட்டமும் நாலு ஆண்டும் ஆயிற்று.

ஆனால் மருந்து விஷயம். நினைத்தபடி மாற்ற முடியுமா? முடியாது, முடியவும் கூடாது. அனுமதி கேட்டு விண்ணப்பம் நிரப்ப உட்கார்ந்தேன். அதில் ஒரு கேள்வி. "தற்போது ஐந்து முறை கழுவுவதற்கான காரணம் என்ன?" பேனாவை எடுத்தேன், பேனா நின்றது. கூடத்தில் கேட்டேன். "எப்பவும் அஞ்சுதாம்மா" என்றார்கள். சரி என்று பதிவறைக்குப் போய்ப் பழைய பேட்ச் தாள்களைப் புரட்டினேன். தும்மிக்கொண்டே புரட்டினேன்.

மருந்து தொடங்கிய நாளில் கழுவல் இரண்டு. இரண்டேதான்! மூன்றாவது எப்போது வந்தது? ஒருமுறை சூடேற்றும் கருவி பழுதாகியிருக்கிறது, பொடி கொஞ்சம் மங்கல். ஓரத்தில் ஒருவர் எழுதுகிறார், "எதுக்கும் இன்னொரு தரம் கழுவவும்." கருவி மறுநாளே சரியாயிற்று, கழுவல் போகவில்லை. நான்காவது? ஆய்வாளர்கள் வருகிறார்களாம். "எதுக்கும் இன்னொரு தரம் கழுவவும்." அவர்கள் வந்தார்கள், தேநீர் குடித்தார்கள், போனார்கள். கழுவல் போகவில்லை. எதுக்கும்! எதுக்கும் இருக்கட்டும்! எதற்கு என்று யாராவது கேட்டோமா? எதற்கு என்று கேட்டால் பதில் இருக்காது என்பதால்தானே அந்தச் சொல்லே பிறந்தது!

ஐந்தாவதைத் தேடினேன். பதினோரு ஆண்டுக்கு முந்தைய தாள் கிடைத்தது. "கரைசலில் இளமஞ்சள் நிறம். எதுக்கும் இன்னொரு தரம் கழுவவும்." கீழே கையெழுத்து.

யாருடைய கையெழுத்து? உருண்டை உருண்டையாக, பள்ளிக்கூடத்துப் பிள்ளை எழுதினாற்போல, பெருமை பொங்கப் பெரிதாகப் போட்ட கையெழுத்து. என் கையெழுத்து, தோழர்களே. வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் நான் போட்ட முதல் கையெழுத்து.

கொஞ்சம் தண்ணீர் குடித்துக்கொள்கிறேன்.

அதோடு முடியவில்லை. அந்தத் தாளின் பின்னால் ஒரு துண்டுச் சீட்டு குத்தியிருந்தது. மறுநாள் எங்கள் மூத்த உதவியாளர் அம்மா அதே மாதிரியை மீண்டும் சோதித்து எழுதியிருக்கிறார். "நிறம் இல்லை. குப்பி அழுக்கு." குப்பி அழுக்கு! மருந்தில் மஞ்சள் இல்லை. நான் கழுவாமல் எடுத்த சோதனைக் குப்பியில் மஞ்சள்! சிரிக்கிறீர்கள், சிரியுங்கள், சிரிக்க வேண்டிய விஷயம்தான். ஒரு குப்பியைக் கழுவச் சோம்பல்பட்ட ஒருத்தி, ஓர் ஆலையையே பதினோரு ஆண்டு கழுவ வைத்திருக்கிறாள்.

ஆனால் எனக்கு அன்று சிரிப்பு வரவில்லை. அந்த ஐந்தாவது கழுவலின் ஆவியில் யார் நின்றார்? ஒவ்வொரு நாளும் யார் நின்றார்? அக்கா, இதை உன்னிடம் நேரில் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அதனால் முன்னூறு பேரைச் சாட்சிக்கு வைத்துக்கொண்டு சொல்கிறேன். மன்னித்துவிடு.

என்ன அக்கா? கேட்கவில்லை. "வீட்டுக்கு வா, பேசிக்கலாம்" என்கிறாள். தலைவர் அவர்களே, எனக்கு இன்றிரவு தங்குவதற்குச் சங்கக் கட்டடத்தில் ஏதாவது அறை இருக்கிறதா?

மாமாவிடம் மட்டும் அன்றே ஓடிப்போய்ச் சொன்னேன். தாளை நீட்டினேன். அவர் பார்க்கக்கூட இல்லை.

"எனக்குத் தெரியும்மா. அன்னைக்கு அந்தத் தாள் என் கைக்குத்தானே வந்துச்சு."

"தெரியுமா? அப்ப எதுக்கு அஞ்சாவதுன்னு ஏன் மாமா கேக்கல?"

"எப்படிக் கேக்கறது? என் கொழுந்தியா முதன்முதலா கையெழுத்துப் போட்ட தாளு. கூடத்துல எல்லார்கிட்டயும் காட்டிட்டு இருந்தேன். அதைப் போய் தப்புன்னு சொல்லுவேனா?"

கேட்டீர்களா? கேட்டீர்களா இந்த நியாயத்தை! பீப்பாயை மோந்தே பிழை கண்டுபிடித்த மனிதர், கொழுந்தியாளின் கையெழுத்தில் மட்டும் பிழை பார்க்க மாட்டாராம். நான் பயத்தில் எழுதினேன், அவர் பாசத்தில் ஊற்றினார். பயமும் பாசமும் சேர்ந்து பதினோரு ஆண்டு. மாமா, உங்களிடம் எனக்குக் கோபம் உண்டு. உங்கள்மேல் இருக்கும் அன்பில் பாதி அந்தக் கோபம்தான்.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். மேலாளரிடம் போய், "சார், பசுமை வேதியியல் கொண்டுவரலாம்" என்றேன். "வாசல்லதான் நாலு பூந்தொட்டி வச்சாச்சேம்மா" என்றார். பிறகு விளக்கினேன். எட்டு மணி நேரம் ஆறவைக்க வேண்டும் என்றதும் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "எட்டு மணி நேரமா? உற்பத்தி என்னம்மா ஆகறது?"

பலகையில் எழுதிக் காட்டினேன். பழைய முறையில் ஆறுவதற்கு இரண்டு மணி, ஐந்து கழுவல், ஒவ்வொன்றும் ஒன்றரை மணி, ஆக ஒன்பதரை. புதிய முறையில் ஆறுவதற்கு எட்டு, ஒரே கழுவல் ஒன்றரை, ஆக ஒன்பதரை! ஒரு நிமிடம் கூடவில்லை, ஒரு நிமிடம் குறையவில்லை. சீக்கிரம் சார் பலகையை வெகுநேரம் பார்த்தார். அவர் எதையாவது வெகுநேரம் பார்த்தது அன்றுதான். "அப்ப நான் இத்தனை வருஷம் எல்லாரையும் விரட்டினதுக்கு என்னம்மா மிச்சம்?" என்றார். "வாடைதான் சார்" என்றேன். அடுத்த நிமிடமே விண்ணப்பத்தில் கையெழுத்திட்டார். அதற்காக அவருக்கு ஒரு கைதட்டல். ஏழு மாதம் சோதனை, பேட்ச் மேல் பேட்ச், கேள்வி மேல் கேள்வி. அனுமதி வந்தது. நாற்பத்தாறு லிட்டர் இருந்த இடத்தில் இந்த ஒன்பது மாதமாக ஒன்பது லிட்டர்! ஒன்பதே லிட்டர்!

ஆகவே பெரியோர்களே, தாய்மார்களே, நான் சொல்ல வந்தது இதுதான். எதுக்கும் என்பது கெட்ட சொல்லா? இல்லவே இல்லை! எதுக்கும் இன்னொரு தரம் கழுவவும் என்று நான் எழுதினேன். எதுக்கும் ஒரு தரம் பார் என்று மாமா சொன்னார். சொல் ஒன்றுதான். என் எதுக்கும் அச்சத்தில் பிறந்தது, அவர் எதுக்கும் அக்கறையில் பிறந்தது. கழுவுகிற எதுக்கும் ஒரு மூக்கைக் கெடுத்தது, பார்க்கிற எதுக்கும் ஒரு கூடத்தையே காப்பாற்றியது. இனி எவர் நம் தாளில் எதுக்கும் என்று எழுத வந்தாலும், எதற்கு என்று கேளுங்கள்! மேலாளர் எழுதினாலும் கேளுங்கள்! மச்சான் எழுதினாலும் கேளுங்கள்! கொழுந்தியா எழுதினால் கூடத்தில் நிறுத்தி வைத்து உரக்கக் கேளுங்கள்! மருந்து நோயாளியைக் காக்க வேண்டும். அதைச் செய்கிறவனையும் நோயாளியாக்காமல் காக்க வேண்டும்! மருந்தில் மட்டும் தூய்மை இருந்தால் போதுமா? மருந்து பிறக்கும் கூடத்தின் காற்றிலும்...

என்ன மாமா? ஏன் எழுந்து நிற்கிறீர்கள்? முடிக்கப்போகிறேன், உட்காருங்கள். என்ன கையைக் காட்டுகிறீர்கள்? கொஞ்சம் அமைதி, அமைதி. மாமா ஏதோ சொல்கிறார்.

"பால் அடிப்பிடிக்குது!"

பாலா? எந்தப் பால்? நான் காற்றின் தூய்மையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், நீங்கள் பாலைப் பற்றி... யாரும் சிரிக்காதீர்கள், அவர் கதையை நடுவில் கெடுப்பது வழக்கம்தான். எனக்கு ஒரு வாடையும் வரவில்லையே. முதல் வரிசையில் யாருக்காவது வருகிறதா? இல்லையா? தலைவருக்கு?

அக்கா. அக்கா, நீ ஏன் அழுகிறாய்?

கொஞ்சம் பொறுங்கள். எல்லோரும் கொஞ்சம் பொறுங்கள். யாராவது பின்கட்டுக்குப் போய்ப் பாருங்கள். தேநீர்க்கார அண்ணே! அண்ணே! ஓரமாக நின்று என் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்களா? அடுப்பில் யார் இருக்கிறார்கள்? யாரும் இல்லையா? ஓடுங்கள்!

வருகிறார். பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வருகிறார். அண்ணே, எல்லோருக்கும் தெரியும்படி உயர்த்திக் காட்டுங்கள். அடியெல்லாம் கறுப்பு! முன்னூறு பேர் உட்கார்ந்திருக்கும் மண்டபம், இருபது வரிசை, நடுவில் இரண்டு கதவு. ஒரு மூக்குக்கும் தெரியாத வாடை என் மாமா மூக்குக்குத் தெரிந்திருக்கிறது!

நான் ஆய்வுக்கூடத்துக்காரி. ஒரு முடிவை ஒரே சோதனையில் நம்பக் கூடாது. எதுக்கும் ஒரு தரம் கேட்டுவிடுகிறேன். மாமா, இப்போது உங்களுக்கு என்ன வாடை வருகிறது?

"பால் தீஞ்ச வாடை. அப்புறம் உங்கக்கா தலைக்குத் தேய்ச்ச எண்ணெய்."

பேச்சு போதும். எழுதி வைத்திருக்கும் இரண்டு பக்கத்தை மடித்துவிடுகிறேன். என்ன அக்கா? இன்னொரு தரம் சொல், மைக்குக்குக் கேட்கட்டும். "வீட்டுக்கு வா, சாப்பிடலாம்" என்கிறாள்! தலைவர் அவர்களே, அந்த அறை இனி எனக்கு வேண்டாம்.

இவ்வளவு நேரம் பொறுத்த தலைவருக்கு நன்றி. கடிகாரத்தைப் பார்க்க மறந்துவிட்ட மேலாளருக்கு நன்றி. பிள்ளைகளை விட்டுவிட்டு எழுந்து நின்று கைதட்டும் தாய்மார்களுக்கு நன்றி. எல்லோரையும்விட, அடுப்பை மறந்துவிட்டு என் பேச்சைக் கேட்க வந்த தேநீர்க்கார அண்ணனுக்குக் கோடி நன்றி. அண்ணே, அந்தப் பாலைக் கொட்டிவிடாதீர்கள். மற்றவர்களுக்குப் புதுப் பால் காய்ச்சுங்கள். எங்கள் மூன்று பேருக்கும் அதிலேயே தேநீர் போட்டுக் கொடுங்கள். வணக்கம்.